ஒற்றை வாளிக் கறவை இயந்திரம்: ஐந்தாறு மாடு வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

கொங்குப் பகுதியில் ஐந்து முதல் பத்துக் கலப்பின மாடுகள் வரை வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களில், கறவை இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு இப்போது எழாத வீடு குறைவு. காலையும் மாலையும் தவறாமல் வந்து கறந்து கொடுக்கும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைக்கும் ஒருவரும் ஊரில் பல வீடுகளுக்குக் கறப்பவராக இருப்பதால், மாட்டின் நேரத்துக்கு வராமல் தம்முடைய சுற்றின் நேரத்துக்கே வருகிறார். ஒருநாள் ஐந்து மணிக்கும் மறுநாள் ஆறரைக்கும் கறக்கப்படும் மாடு நாளடைவில் பாலைக் குறைத்துவிடும் என்பது மாடு வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. எங்கள் கட்டுத்தறியிலும் இதே காரணத்தால்தான் இயந்திரம் வந்தது. ஆறு ஜெர்சிக் கலப்பின மாடுகளைக் கொண்ட தொழுவத்தில் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவத்தில், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் எந்த வகை இயந்திரம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், அதனுடன் பெல்ட்டால் இணைந்து, காற்றை உறிஞ்சி வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்கம் பம்ப், ஒரு சிறிய காற்றுத் தொட்டி, வேக்கம் அளவைக் காட்டும் கேஜ், இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் வாளி, அதன் மூடியின் மேல் அமரும் பல்சேட்டர், மாட்டின் மடியில் மாட்டப்படும் நான்கு கப்புகள் கொண்ட கிளஸ்டர் ஆகிய அனைத்தும் ஒரே தள்ளுவண்டியில் பொருத்தப்பட்டு வரும் வகை. நாங்கள் விசாரித்தபோது பல கடைகளில் 40,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்கும் இடையில் விலை சொன்னார்கள். விற்ற நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கடைகளில் பார்த்த இயந்திரங்களில் பெரும்பாலானவை வண்டியின் நிறத்திலும் ஒட்டியிருக்கும் பெயரிலும்தான் வேறுபட்டன. ஆகவே, பெயரைக் காட்டிலும் எந்த உறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்வதே வாங்குபவருக்குப் பயன் தரும்.

இயந்திரம் எப்படிக் கறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைப் பயன்படுத்தினால் மாட்டின் மடி கெடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு கப்பிலும் வெளியே எவர்சில்வர் கூடும், உள்ளே லைனர் எனப்படும் ரப்பர் குழலும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பல்சேட்டர் மாறி மாறிக் காற்றை உறிஞ்சியும் விட்டும் கொண்டிருக்கிறது. இடைவெளியில் காற்று உறிஞ்சப்படும்போது லைனர் விரிந்து பால் வழிகிறது. காற்று உள்ளே விடப்படும்போது லைனர் சுருங்கிக் காம்பை மெல்லப் பிடித்துவிடுகிறது. இப்படிப் பிடித்துவிடும் அந்தக் கணநேர ஓய்வு இல்லாவிட்டால், தொடர்ந்து இழுபடும் காம்பின் நுனியில் இரத்தம் தேங்கி வீக்கம் கண்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட தொடக்ககால இயந்திரங்கள் பல, வெறும் உறிஞ்சலையே நம்பியிருந்ததால் மாடுகளுக்குத் துன்பமாக முடிந்தன. 1903ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கில்லீஸ் என்பவர் இந்த இரட்டை அறைக் கப்பை உருவாக்கிய பிறகே, கறவை இயந்திரம் பண்ணைகளில் நிலைபெறத் தொடங்கியது. இன்று நம் ஊர்த் தள்ளுவண்டியில் வரும் கப்பும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

பல்சேட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய அறுபது முறை துடிக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் பால் இறங்கும் நேரம் அறுபது பங்கு, காம்பு ஓய்வெடுக்கும் நேரம் நாற்பது பங்கு என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விகிதம். வாங்கும் கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இயந்திரத்தை ஓடவிட்டு, மற்ற மூன்று கப்புகளை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கப்புக்குள் கட்டைவிரலை விட்டால் நொடிக்கு ஒருமுறை லைனர் விரலை இதமாக அமுக்கி விட வேண்டும். தாளம் தப்பி அமுக்குவதாகத் தோன்றினாலும், அமுக்கும் உணர்வே தெரியாமல் வெறுமனே இழுப்பதாகத் தோன்றினாலும் அந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம். நான்கு கப்புகளிலும் தனித்தனியே இதைச் செய்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். இதற்கு முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் பின்னாளில் பழுதுக்குப் போய் நிற்பது கடினம்.

இயந்திரம் வந்த முதல் வாரம் மாடுகளைப் பழக்குவதிலேயே கழிந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனை சத்தத்துல மாடு எப்படீங்க சொரக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மாடு மிரண்டால் அதன் உடலில் அட்ரினலின் சுரந்து, பாலை இறக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்யாமல் தடைபடும். மடி நிறையப் பால் இருந்தும் கப்பில் ஒன்றும் விழாது. ஆகையால் தொடக்கத்தில் சில நாட்கள் மடியில் எதையும் மாட்டாமல், கையால் கறக்கும் நேரத்தில் தொழுவத்தின் ஓரத்தில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டோம். அதன் பின்னர், குணமான வயதான மாட்டில் முதலில் மாட்டினோம். மற்ற மாடுகள் ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டன. தலைச்சன் ஈற்று மாடு ஒன்று மட்டும் கப்பை உதைத்துத் தள்ளுவதை நிறுத்தச் சில வாரங்கள் பிடித்தன. அதற்கும் அணைக்கயிறு போட்டுக் கட்டிப் பழக்குவதைவிட, கழுத்தைச் சொறிந்துகொடுத்தபடி ஒருவர் அருகில் நின்றதே பலன் தந்தது. கையால் கறந்து பழகிய வயதான மாடுகளைக் காட்டிலும், முதல் ஈற்றிலேயே இயந்திரத்துக்குப் பழகும் மாடுகள் பின்னாளில் தொல்லை தருவதில்லை என்று பலர் சொல்கிறார்கள். அது எங்களுக்கும் அப்படியே அமைந்தது.

பால் இறங்குவதற்கு இயந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. கன்று முட்டி ஊட்டும்போதோ, மடியைக் கழுவித் துடைக்கும்போதோ ஏற்படும் தொடுவுணர்ச்சியால் ஆக்சிடோசின் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து மடியை அடைந்து பாலை இறக்க ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஆகும். அதன் வேகம் ஐந்தாறு நிமிடங்களில் தணிந்துவிடும். எனவே வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவி, தனித்தனித் துணியால் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் சில பீச்சுகளைக் கருப்பு நிறத் தட்டிலோ கிண்ணத்திலோ கறந்து பார்த்துவிட்டு, காம்புகள் விம்மி நிற்கும் நேரத்தில் கப்பை மாட்டுவதே முறை. முதல் பீச்சுகளைக் கறந்து பார்ப்பது வெறும் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. திரித்திரியாகவோ நீர்த்தோ வரும் பாலை அந்தக் கருப்புத் தட்டில்தான் காண முடியும். இயந்திரத்தின் வாளிக்குள் போன பிறகு எந்த மடியில் கோளாறு என்பதைக் கண்டறிய இயலாது. கையால் கறப்பவருக்கு விரல் நுனியிலேயே தெரிந்துவிடும் மடியின் சூடும் கட்டியும் இயந்திரத்துக்குத் தெரியாது என்பதால், இந்தச் சில பீச்சுகள் இல்லாமல் இயந்திரக் கறவை பாதுகாப்பானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மடியைக் கழுவும் முன்பே கப்பை மாட்டிவிட்டு, பால் தானாக இறங்கும் என்று காத்திருப்பதைப் பல தொழுவங்களில் பார்க்கிறேன். அப்போது காம்பில் இருக்கும் கொஞ்சப் பால் முதலில் வந்து, பின்னர் நின்றுபோய், ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் வரத் தொடங்கும். அந்த இடைப்பட்ட நேரம் முழுவதும் வெறும் காம்பு இழுபடுகிறது. கறவையின் முடிவிலும் இதே ஆபத்து உண்டு. மாட்டின் பின்மடிகள் இரண்டிலும் ஏறத்தாழ அறுபது சதவீதப் பாலும் முன்மடிகளில் நாற்பது சதவீதப் பாலும் இருப்பதால், முன்காம்புகள் முதலில் வற்றிவிடுகின்றன. கிளஸ்டரின் அடியில் உள்ள கண்ணாடி போன்ற பகுதியில் பால் ஓட்டம் மெலிந்ததும், முதலில் வேக்கம் அடைப்பானை மூடி, ஒரு நொடி பொறுத்து, பின்னர் நான்கு கப்புகளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். வேக்கம் இருக்கும்போதே பிடித்து இழுத்தால், காம்பின் நுனிக்குக் காயம் ஏற்படுவதோடு, உள்ளே புகும் காற்று வேகத்தில் ஒரு காம்பிலிருந்து பால்துளிகள் இன்னொரு காம்பின் துளைக்குள் அடிபட்டுப் போகவும் கூடும். நோய் ஒரு மடியிலிருந்து மறுமடிக்குத் தாவுவதற்கு அது போதும். கறவைக்கு வெளியூர் ஆளை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு செயலைக் கூடவே நின்று பல நாட்கள் கவனித்துப் பழக்குவது நல்லது.

பாலின் அளவு குறைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேரம் சீரான பிறகு அளவில் குறைவு இல்லை. இரண்டு மாடுகளில் சற்றுக் கூடியும் இருக்கிறது. ஆனால் கொழுப்பில் முதல் மாதம் சறுக்கல் தெரிந்தது. கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, முடிவில் வரும் பாலிலேயே அது மிகுதி என்பதால், மடியில் கடைசிப் பால் தங்கிவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் அளக்கப்படும் கொழுப்பும் அதற்கேற்பக் கிடைக்கும் விலையும் குறைகின்றன. கிளஸ்டரைக் கழற்றும் முன் அரை நிமிடம் அதன் மேல் கையை வைத்து மெல்லக் கீழ்நோக்கி அழுத்திக்கொடுத்து, தேவைப்பட்டால் கழற்றிய பின் முழுக்கையால் சில பீச்சுகள் கறந்துவிடுவதால் இது சரியாயிற்று. எல்லாப் பாலையும் ஒட்டக் கறந்தே தீர வேண்டும் என்று அதற்காக நீண்ட நேரம் இழுத்துக்கொண்டிருப்பதும் தவறு. மடியில் சிறிதளவு பால் தங்குவது இயல்பே.

நேரம் மிச்சமாகிறதா என்பதற்கு என் பதில் விற்பனையாளர்கள் சொல்வதினும் குறைவானது. எட்டுப் பத்து லிட்டர் கறக்கும் மாட்டை இயந்திரம் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடும். நல்ல கைப்பழக்கம் உள்ளவரும் அதைவிட இரண்டு மூன்று நிமிடம்தான் கூடுதலாக எடுத்துக்கொள்வார். இயந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டுவந்து பொருத்துவது, கறவை முடிந்ததும் கழுவுவது ஆகியவற்றுக்கு வேளைக்கு இருபது நிமிடமாவது வேண்டும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு நேரக் கணக்கில் நட்டமே வரும். ஏழெட்டு மாட்டுக்கு மேல் போகும்போதுதான் நேரக் கணக்கு நம் பக்கம் சாயத் தொடங்குகிறது. ஆனாலும் நேரத்தைக் காட்டிலும் பெரிய ஆதாயம் ஒன்று எங்கள் வீட்டில் கிடைத்தது. கறவையாள் வராத நாட்களில் எல்லா மாடுகளையும் கறந்து முடித்து, மணிக்கட்டு வலியோடு அடுப்பங்கரைக்குப் போன பெண்களின் சுமை இறங்கியிருக்கிறது. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கமுள்ள ஆட்களிடமிருந்து மாடுகளுக்கும் விடுதலை கிடைத்தது. ஊசி போட்டுப் பாலை இறக்கும் ஆட்களின் தயவும் தேவைப்படவில்லை.

வேக்கம் கேஜைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வாளி வகை இயந்திரத்துக்கு 300 முதல் 375 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் வேக்கம் இருப்பது பொதுவாகப் போதுமானது. எங்கள் இயந்திரத்தை 340 அளவில் வைத்திருக்கிறோம். பொருத்திக் கொடுக்க வந்தவர், சீக்கிரம் கறந்துவிடும் என்று சொல்லி முள்ளை 400க்கு மேலே வைத்துவிட்டுப் போனார். அந்த அளவில் கப்புகள் மடியை நோக்கி மேலேறி, காம்பு மடியோடு சேரும் மேற்பகுதியைக் கவ்விக்கொண்டு பால் வரும் வழியையே அடைக்கும். கப்பைக் கழற்றியதும் காம்பின் மேற்புறத்தில் வளையம் போட்டது போன்ற தடமும் நுனியில் நீலம் பாய்ந்த நிறமும் தெரிந்தால், வேக்கம் மிகுந்துவிட்டது அல்லது கப்பு நெடுநேரம் கிடந்தது என்று பொருள். மாறாக, வேக்கம் 300க்குக் கீழே போனால் கப்புகள் வழுக்கிக் கீழே விழும். விழும் கப்பு சாணத்தை உறிஞ்சி நேரே பால் வாளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கேஜ் இல்லாத மலிவான வண்டி ஒன்றையும் ஒரு கடையில் காட்டினார்கள். எத்தனை ஆயிரம் குறைத்துக் கொடுத்தாலும் அதைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

பம்புகளில் எண்ணெய் ஊற்றி ஓட்டுவது, எண்ணெய் இல்லாமல் ஓடுவது என்று இரண்டு வகை உண்டு. எங்களுடையது எண்ணெய்ப் பம்ப். சத்தம் குறைவு, உறுதியும் கூடுதல். ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் குறைகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும், புகைக்குழாயிலிருந்து மெல்லிய எண்ணெய்ச் சாரல் வருவதால் அதைத் தீவனத் தொட்டிக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். மின்செலவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாகும். கோடை மாலைகளில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் இழுக்கத் திணறி, கேஜின் முள்ளும் ஆடுகிறது. மின்தடை நேரும்போது நான்கு கப்புகளும் ஒரே கணத்தில் கீழே விழும். சிறிய பெட்ரோல் எஞ்சினையும் அதே வண்டியில் இணைத்துத் தரும் வகை கிடைக்கிறது. மின்தடை மிகுந்த ஊர்களில் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். எங்கள் பகுதியில் தடை எப்போதாவதுதான் என்பதால், கையால் கறக்கும் பழக்கத்தை விட்டுவிடாமல் இருப்பதையே மாற்று ஏற்பாடாக வைத்திருக்கிறோம்.

இனி கழுவும் வேலை. இயந்திரம் வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் அதை மூலையில் போட்டு வைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கறவை முடிந்த உடனே, பால் காய்வதற்கு முன்பாக, வெதுவெதுப்பான நீரைக் கப்புகளின் வழியாக உறிஞ்சவிட்டுக் கழுவ வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் பாலின் புரதம் வெந்து குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எதைக்கொண்டு தேய்த்தாலும் எளிதில் போகாது. இதமான நீரில் அலசிய பிறகுதான் காரத்தன்மையுள்ள கழுவுபொடியைக் கலந்த சூடான நீர், அதற்கும் பின்பு நல்ல நீர். வாரத்துக்கொரு முறை அமிலக் கழுவல் வேண்டும். உப்புநீர்க் கிணறுகள் மிகுந்த எங்கள் பகுதியில், அதைத் தள்ளிப்போட்டால் வாளியின் உட்புறம் வெண்மையாகச் சொரசொரப்புத் தட்டிவிடுகிறது. அந்தப் பாலுப்புப் படிவுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமிகளே சங்கத்தில் பால் திரிந்துபோவதற்கு வழி செய்கின்றன. பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் பயன்படுத்த வேண்டாம். நுரை வேக்கம் குழாய் வழியாகப் பம்புக்குள் ஏறிவிடும். கழுவியபின் கிளஸ்டரைக் கவிழ்த்துத் தொங்கவிட ஓர் ஆணி அடித்து வைப்பது நல்லது. குழாய்களுக்குள் நுழையும் நீளத் தூரிகைகள் எங்களுக்கு இயந்திரத்துடன் தரப்படவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

லைனர்தான் இந்த இயந்திரத்தில் மாட்டைத் தொடும் ஒரே உறுப்பு, ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றியே மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். ரப்பர் லைனரின் ஆயுள் ஏறக்குறைய 2,500 கறவைகள். ஆறு மாடுகளை நாளுக்கு இருவேளை ஒரே கிளஸ்டரில் கறந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு கறவை. ஆக ஏழு மாதத்தில் நான்கு லைனர்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். கிழியவில்லையே என்று ஒன்றரை ஆண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கிழியாத பழைய லைனரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால், நுண்ணிய வெடிப்புகள் வலைபோல ஓடியிருப்பதைக் காணலாம்; ரப்பர் தளர்ந்து வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். அந்த வெடிப்புகளில் கொழுப்பும் கிருமியும் தங்குகின்றன, தளர்ந்த ரப்பர் காம்பைச் சரியாகப் பிடித்துவிடுவதுமில்லை.

எங்களுக்கு ஏற்பட்ட மனக்குறை முழுவதும் இந்த இடத்தில்தான். லைனர் மாற்ற வேண்டிய காலம் வந்து கடையில் கேட்டபோது, இருப்பில் இல்லை என்று சில வாரங்கள் இழுத்தடித்துவிட்டு, வேறு அளவு லைனரை எல்லாம் ஒன்றுதான் என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வாய் அகலம் கூடிய அந்த லைனர் ஜெர்சிக் கலப்பினத்தின் நடுத்தரக் காம்புகளில் நிற்காமல் காற்றை உறிஞ்சிச் சீறியது. மழைக்காலத்தில் பல்சேட்டரின் துடிப்பு தாளம் தப்பி, கைபேசிக் கடிகாரத்தை வைத்து எண்ணியபோது நிமிடத்துக்கு நாற்பதைச் சற்றே தாண்டியது. நாளை ஆள் வருவார் என்ற பதிலே பல நாட்கள் வந்தது. கடைசியில் ஊரில் மோட்டார் கட்டும் தம்பி ஒருவர் பல்சேட்டரைத் திறந்து, காற்று நுழையும் ஊசித்துளையில் சோளத்தட்டுத் தூசி அடைத்திருந்ததைக் கண்டு, மெல்லிய கம்பியால் கூட அல்லாமல் காற்றை ஊதியே சரிசெய்து கொடுத்தார். தட்டு வெட்டும் இயந்திரத்துக்கு அருகில் கறவை வண்டியை நிறுத்தாமலிருந்தால் இந்தக் கோளாறு வருவதில்லை. இயந்திரத்துக்குக் குறையென்று நான் சொல்வது மிகக் கொஞ்சம், விற்பனைக்குப் பிந்தைய சேவைக்குச் சொல்வது மிகுதி. லைனரும் பல்சேட்டர் உதிரிகளும் ஒரு மணிநேரப் பயணத்தில் கிடைக்காத நிறுவனத்தின் இயந்திரத்தை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம். வாங்கும்போதே இரண்டு செட் லைனரை விலைக்குள் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டு, அவற்றை வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்வது அதைவிட மேல்.

மடிநோய் கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. எங்கள் தொழுவத்தில் கூடவில்லை. அதற்கு இயந்திரத்தைவிட, இயந்திரம் வந்த பிறகு நாங்கள் கடைப்பிடிக்கத் தொடங்கிய ஒழுங்கே காரணம் என்று நினைக்கிறேன். ஒரே கிளஸ்டர் மாட்டுக்கு மாடு போவதால், கறக்கும் வரிசை முக்கியமாகிறது: தலைச்சன் ஈற்று மாடுகள் முதலில், நலமான மற்றவை அடுத்து, மடியில் சந்தேகம் உள்ளது கடைசியில். மடிநோய் கண்ட மாட்டை இயந்திரத்தில் மாட்டாமல் கையால் தனியே கறந்து, அந்தப் பாலைத் தொழுவத்தில் கொட்டாமல் அப்புறப்படுத்துகிறோம். ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கப்புகளைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த நீரில் முக்கி எடுக்கிறோம். கறவை முடிந்ததும் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, தீனியை அப்போது வைக்கிறோம். காம்புத் துளை மூடிக்கொள்ள அரைமணி நேரமாவது ஆகும் என்பதால், அதுவரை மாடு படுக்காமல் நின்று தின்றுகொண்டிருக்க வேண்டும். முன்பெல்லாம் கறக்கும்போது தவிடு வைத்து, கறந்ததும் மாடு படுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது.

மடிநோயின் தொடக்கத்தில் பூசுவதற்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் மூலிகை மருத்துவ முறையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த கலவை சொல்லப்படுகிறது. ஒரு முறை மடி சற்றே வீங்கியபோது நாங்கள் அதைப் பயன்படுத்திப் பலன் கண்டோம். இருந்தாலும், காய்ச்சலும் கல்போன்ற வீக்கமும் இருந்தால் கால்நடை மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த இயந்திரம் எல்லா மாட்டுக்கும் ஏற்றதல்ல. காங்கயம், பர்கூர், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகள் கன்று அருகில் நின்று ஊட்டினால்தான் பாலை இறக்கும். வேளைக்கு ஓரிரு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வேக்கம் பம்ப் எதற்கு? அவற்றின் சிறிய காம்புகளில் கப்பும் நிற்காது. சமவெளியில் ஜெர்சிக் கலப்பினம், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ஃப்ரீஸியன் கலப்பினம் என்று பெரும்பாலும் வளர்க்கப்படும் நம் மாநிலத்தில், இவ்விரு வகைக்கும் இயந்திரம் பொருந்துகிறது. ஃப்ரீஸியன் கலப்பினத்தில் காம்பு தடித்தும் பால் மிகுந்தும் இருக்கும் மாடுகளுக்குக் கிளஸ்டரின் சேகரிப்புக் கிண்ணம் பெரியதாக உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். சிறியது நிரம்பி வழிந்தால் பால் மறுபடியும் காம்பை நனைக்கும். காம்பில் புண் உள்ள மாட்டுக்கும், ஈன்று சில நாட்களே ஆகி மடியில் நீர்க்கட்டு வடியாத மாட்டுக்கும் நாங்கள் இயந்திரத்தை மாட்டுவதில்லை. ஒரு மடி அடைபட்டு மூன்று காம்பில் மட்டும் கறக்கும் மாட்டுக்கு, நான்காவது கப்பின் வாயை அதற்கென்று வரும் அடைப்பானால் மூடிவிட்டுக் கறக்கலாம். அடைப்பானைக் கடையில் மறக்காமல் கேட்க வேண்டும்.

ஐந்து மாட்டுக்கு மேல் கலப்பினக் கறவை வைத்திருந்து, நாள்தோறும் இருவேளையும் கழுவும் வேலையைப் பொறுமையோடு செய்யும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், தயங்காமல் வாங்கலாம் என்பதே என் மதிப்பீடு. கறப்பதும் கழுவுவதும் சம்பள ஆளின் கையில், முதலாளி ஊரில் இல்லை என்றால், நல்ல கறவையாளைத் தேடுவதில் அந்தப் பணத்தைச் செலவிடுவதே சரி. இரண்டு வாளி, இரண்டு கிளஸ்டர் உள்ள வண்டியை, கூடுதலாகச் சில ஆயிரம்தான் என்று கடைக்காரர்கள் வற்புறுத்துவார்கள். பத்து மாட்டுக்குக் கீழே இருக்கும் தொழுவத்தில் ஒரே ஆள் இரண்டு கிளஸ்டரையும் கவனிக்க முடியாமல், ஒன்றைக் கழற்றுவதற்குள் மற்றொன்று வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பணத்துக்கு உதிரி லைனர்களும், மூடியுள்ள இன்னொரு பால் கேனும், கழுவும் இடத்துக்கு ஒரு வெந்நீர் அடுப்பும் வாங்கிக்கொள்ளலாம்.